சரிவில் நிற்கும் வண்டி

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் குடும்பத்துடன் உதகைக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில், குன்னூரில் வசிக்கும் என் கல்லூரித் தோழர் வீட்டுக்குச் சென்றோம். மலை ஊர்களில் பல வீடுகள் சாலைக்கு மேலே ஒரு திட்டின் மீது இருக்கும். சாலையிலிருந்து வீட்டு முற்றத்துக்குச் சிமென்டுப் பாதை ஒன்று சாய்வாக ஏறிச் செல்லும். தோழர் வீடும் அப்படித்தான். காரை அந்தச் சரிவில் ஏற்றி, முற்றத்தை ஒட்டி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். கியரை நியூட்ரலிலேயே விட்டுவிட்டேன். வண்டி அசையாமல் நின்றது. பெட்டிகளை இறக்கினோம்; தேநீர் அருந்தினோம்; பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தோம்.

அரை மணி நேரம் கழிந்திருக்கும். யாரும் தொடாத அந்த வண்டி தானாகப் பின்னோக்கி நகரத் தொடங்கியது. முதலில் அதைக் கண்டவன் தோழரின் மகன். பத்தாம் வகுப்பு மாணவன். அவன் ஓடிப்போய், வண்டியின் பின்புறத்தில் இரு கைகளையும் கொடுத்துத் தடுக்கப் பார்த்தான். திண்ணையில் இருந்த அவனுடைய பாட்டி, "டேய், விடுடா! தள்ளிப் போடா!" என்று போட்ட கூச்சலில் அவன் ஒரு பக்கமாகத் தாவி விழுந்தான். அடுத்த நொடியில் வண்டி வாசல் தூணில் மோதி நின்றது. செங்கல் தூண் அடியோடு சாய்ந்துவிட்டது. பையனுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

அன்று மாலை அவன் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டான். "மாமா, அரை மணி நேரம் நின்ற வண்டி அப்புறம் ஏன் நகர்ந்தது? நான் இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளியிருந்தால் நிறுத்தியிருக்க முடியுமா?"

இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் சாய்தளத்தை வரைந்துவரும் எனக்கு வெட்கமாக இருந்தது. தவறு என்னுடையது. அவனுக்குச் சொன்ன விடைகளையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

சரிவு எவ்வளவு இழுக்கிறது?

மறுநாள் காலை நானும் அவனும் நாடாவைப் பிடித்துப் பாதையை அளந்தோம். சரிவின் நீளம் 6 மீட்டர். கீழ் முனைக்கும் மேல் முனைக்கும் உள்ள உயர வேறுபாடு 1 மீட்டர். கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை இரயில் பாதையில் மிகச் செங்குத்தான இடங்கள் ஏறத்தாழ 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்கின்றன. அதற்கே தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த தண்டு பதித்து, என்ஜினின் பற்சக்கரத்தை அதில் கோத்து, 1899-ஆம் ஆண்டு முதல் இரயிலை ஓட்டி வருகிறார்கள். தோழர் வீட்டுப் பாதை அதைப் போல் இரு மடங்கு செங்குத்து!

என் காரின் எடை ஏறத்தாழ 1200 கிலோகிராம். இந்தச் சரிவில் அதைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை எவ்வளவு? இதற்கு ஒரு அழகான வழியை 1586-இல் வெளியிட்ட நூலில் சைமன் ஸ்டெவின் என்ற அறிஞர் காட்டினார். ஒரு முக்கோணக் கட்டையை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கம் செங்குத்து. மற்றொரு பக்கம் சாய்வு. சாய்வுப் பக்கம் செங்குத்துப் பக்கத்தைப் போல் 6 மடங்கு நீளம். சம எடையுள்ள குண்டுகளைச் சம இடைவெளியில் கோத்த சங்கிலி ஒன்றை அந்தக் கட்டையின் மீது மாலை போலப் போடுகிறோம். மாலை தானாகச் சுற்றுமா? ஒரு முறை சுற்றத் தொடங்கினால் அது ஓயாமல் சுற்ற வேண்டியிருக்கும். ஏனெனில் ஒரு குண்டு நகர்ந்த இடத்துக்கு அடுத்த குண்டு வந்து, நிலைமை பழையபடியே ஆகிவிடுகிறது. ஓயாத இயக்கம் உலகில் இல்லை. ஆகவே மாலை அசையாது. கட்டைக்குக் கீழே தொங்கும் பகுதி இரு புறமும் ஒரே அளவாக இழுப்பதால், அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். எஞ்சுவன சரிவின் மீது 6 குண்டுகள், செங்குத்துப் பக்கத்தில் 1 குண்டு. இவை ஒன்றையொன்று சமன் செய்து நிற்கின்றன. (ஸ்டெவின் தம் படத்தில் 6 மடங்குக்குப் பதில் 2 மடங்கு என வரைந்திருந்தார்.)

இதன் பொருள் என்ன? 6-க்கு 1 என்ற சரிவில், ஒரு பொருள் தன் எடையில் ஆறில் ஒரு பங்கு விசையுடன் கீழ்நோக்கி இழுக்கப்படுகிறது. சைன் கோணம் படித்த மாணவர்கள் இதையே எடை × சைன் θ என்று எழுதுவீர்கள். என் காருக்கு அது 1200 ÷ 6 = 200 கிலோ எடைக்குச் சமம். வண்டி நின்றாலும் சரி, ஓடினாலும் சரி, இந்த இழுப்பு ஒரு நொடியும் ஓய்வதில்லை. நின்றுகொண்டிருந்த அந்த அரை மணி நேரமும் ஏதோ ஒன்று இந்த 200 கிலோவைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

சமதளம் என்று நாம் நினைக்கும் சாலையிலும் எச்சரிக்கை தேவை. காற்று நிறைந்த டயர் உருள்வதற்குக் காட்டும் எதிர்ப்பு மிகச் சிறியது. நல்ல சாலையில் வண்டியின் எடையில் நூறில் ஒன்று அல்லது ஒன்றரைப் பங்குதான். ஆகவே 100 மீட்டருக்கு இரண்டு மீட்டர் சரியும் சாலை கூடப் பிரேக் போடாத காரை உருட்டிவிடும். அந்தச் சரிவு நம் கண்ணுக்குத் தெரிவதே அரிது.

பையனின் இரண்டாவது கேள்வி

முதலில் இதற்கு விடை காண்போம். இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. இன்னும் பலமாகத் தள்ளினால் அந்த வண்டியை நிறுத்த முடியுமா?

நகராமல் நிற்கும் நிலையிலேயே அந்த வண்டியைப் பிடித்து வைக்க 200 கிலோ விசை வேண்டும். ஒரு மனிதன் தன் எடைக்கு மேல் ஒரு வண்டியைத் தள்ளுவது கடினம். ஈரத் தரையில் அதில் பாதி கூட இயலாது, கால் வழுக்கிவிடும். ஆகவே பத்தாம் வகுப்புப் பையன் என்ன, பயில்வான் ஒருவர் வந்தாலும் தனியாக அந்த வண்டியைத் தாங்க முடியாது.

வண்டி நகரத் தொடங்கிவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம். அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆறில் ஒரு பங்கு. அதாவது விநாடிக்கு விநாடி 1.6 மீட்டர். சக்கரங்களின் சிறு எதிர்ப்பை விட்டுவிட்டால், முதல் விநாடியில் வண்டி 80 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. "மெதுவாகத்தானே போகிறது, பிடித்துவிடலாம்" என்று நமக்குத் தோன்றுவது இந்த விநாடியில்தான். இரண்டாம் விநாடி முடியும்போது அது 3 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. மூன்று விநாடி ஆவதற்குள் 6 மீட்டரையும் கடந்து, மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் வாசலை அடைந்துவிடுகிறது. நல்ல ஓட்டத்தில் வரும் சைக்கிளின் வேகம் அது. ஆனால் சைக்கிளுக்கு 1200 கிலோ எடை இல்லை!

அந்த வண்டி 30 சென்டிமீட்டர் தொலைவுக்குள் நிற்க வேண்டும் என்று கொள்வோம். 1200 கிலோ எடை 1 மீட்டர் இறங்கியதால் பெற்ற ஆற்றல் முழுவதும் அந்த 30 சென்டிமீட்டரில் செலவாக வேண்டும். அதற்குத் தேவைப்படும் சராசரி விசை 1200 × 1 ÷ 0.3 = 4000 கிலோ எடை. நான்கு டன்! இப்போது தூண் ஏன் சாய்ந்தது என்பது விளங்குகிறதல்லவா? தூணுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு மனிதன் நின்றால் என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

2016 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இது உண்மையாகவே நடந்தது. ஆன்டன் யெல்ச்சின் என்ற 27 வயதுத் திரைப்பட நடிகர், தம் வீட்டுச் சரிவுப் பாதையில் பின்னோக்கி உருண்டு வந்த தம் வண்டிக்கும் செங்கல் தூணுக்கும் இடையே நசுங்கி உயிரிழந்தார். அது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. கியர் 'பார்க்' நிலைக்குப் போய்விட்டதா என்பதை ஓட்டுநர் தெளிவாக உணர முடியவில்லை என்ற குறையால், அந்த வகை வண்டிகளைத் திரும்பப் பெற்றுச் சீர் செய்வதென்று அவ்வாண்டு ஏப்ரலிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது.

ஆகவே இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். உருளும் வண்டியைக் கையாலோ உடலாலோ தடுக்கப் போகக் கூடாது. கதவைத் திறந்து உள்ளே தாவவும் கூடாது. பக்கவாட்டில் விலகி, கீழே இருப்பவர்களைக் கூவி விலக்க வேண்டும். வண்டி போனால் வாங்கலாம்.

அரை மணி நேரம் நின்றது ஏன்?

இனி முதல் கேள்வி. கால் பிரேக்கை மிதித்தால் குழாயில் உள்ள எண்ணெயின் அழுத்தம் நான்கு சக்கரங்களையும் பிடிக்கிறது. ஹேண்ட் பிரேக்கில் எண்ணெய்க்கு வேலை இல்லை. நெம்புகோல் ஒன்று எஃகுக் கம்பியை இழுக்கிறது. அந்தக் கம்பி பெரும்பாலான கார்களில் பின் சக்கரங்கள் இரண்டின் பிரேக்கை மட்டும் இறுக்குகிறது. எண்ணெய்க் குழாய் பழுதானாலும் வண்டியை நிறுத்தி வைக்க முடிய வேண்டும் என்பதற்காகவே இந்தத் தனி ஏற்பாடு.

இது வலிமையில் குறைந்ததன்று. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் வகுக்கப்பட்ட பன்னாட்டு வாகன விதிகளின்படி, முழுச் சுமை ஏற்றிய காரை 100-க்கு 20 என்ற சரிவில், ஏற்றமானாலும் இறக்கமானாலும், ஹேண்ட் பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். தோழர் வீட்டுப் பாதையின் சரிவு 100-க்கு 17. பின் ஏன் என் வண்டி ஓடியது?

அன்று உதகையிலிருந்து குன்னூர் வரை இறக்கம். வழி நெடுகப் பிரேக்கை மிதித்தபடி வந்தேன். இறங்கிவரும் வண்டி இழந்த நிலை ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. என் காரின் பின் சக்கரங்களில் இருப்பவை டிஸ்க் பிரேக்குகள். அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தகட்டை இரு புறமும் பிரேக் கட்டைகள் நெருக்கிப் பிடிக்கும். தகடும் சூடு, கட்டைகளும் சூடு. சூட்டில் இரண்டும் சற்றுத் தடித்திருந்த நேரத்தில் நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

10 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் தகடு 150 டிகிரி குளிர்ந்தால் அதன் தடிப்பு 0.016 மில்லிமீட்டர் அளவு குறையும். தலைமயிரின் தடிப்பில் கால் பங்கு என்று சொல்லலாம். பிரேக் கட்டைகளும் தம் பங்குக்கு மெலிகின்றன. ஆனால் கம்பி இழுக்கப்பட்ட அளவு மாறுவதில்லை. ஆகவே பிடி சிறிது தளர்கிறது. ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்திருந்தால், கம்பி விறைப்பாக நீண்டிருக்கும். இந்தச் சிறு குறையை அந்த விறைப்பே ஈடு செய்திருக்கும். நானோ நெம்புகோல் இரண்டு மூன்று முறை 'டக்' என்றதும் விட்டுவிட்டேன். சூடாக இருந்தபோது 200 கிலோவைத் தாங்கிய பிடி, குன்னூர்க் குளிரில் ஆற ஆறக் குறைந்துகொண்டே வந்தது. 200-க்குக் கீழே இறங்கிய அந்த நொடியில் வண்டி புறப்பட்டுவிட்டது. மெக்கானிக்கும் வந்து பார்த்துப் பிரேக்கில் பழுது ஏதும் இல்லை என்றே சொன்னார்.

மின்மோட்டாரால் இறுகும் ஹேண்ட் பிரேக் உள்ள சில புதிய கார்கள், சூடு ஆறியதும் பிடியை மறுபடி ஒரு முறை தாமாகவே இறுக்கிக்கொள்கின்றன. நம் கையால் இழுக்கும் நெம்புகோலுக்கு அந்த அறிவு இல்லை. அந்த அறிவு நமக்குத்தான் வேண்டும்.

இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா?

பிரேக் உறுதியாகப் பிடித்து, பின் சக்கரங்கள் சுழலவே முடியாமல் பூட்டப்பட்டிருக்கின்றன என்று கொள்வோம். இனிக் கவலை இல்லையா? உண்டு. சுழலாத டயர் அப்படியே வழுக்கலாம். அதைத் தடுப்பது டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு. உராய்வின் உச்ச அளவு, அந்தச் சக்கரங்கள் தரையை அழுத்தும் விசையையும் உராய்வுக் குணகத்தையும் பெருக்கிவரும் தொகை.

என் கார் போன்ற வண்டிகளில் என்ஜின் முன்னே இருப்பதால், பின் சக்கரங்களின் மேல் விழும் எடை மொத்தத்தில் ஏறத்தாழ 40 பங்குதான் (100-க்கு). சரிவில் இதுவும் மாறுகிறது. முகம் மேலே இருந்தால் எடை பின் சக்கரங்களுக்குச் சாய்கிறது. முகம் கீழே இருந்தால் முன் சக்கரங்களுக்குச் சாய்கிறது. தோழர் வீட்டுச் சரிவில், முகம் மேலே உள்ளபோது பின் சக்கரங்கள் தாங்குவது ஏறத்தாழ 515 கிலோ. முகம் கீழே உள்ளபோது 430 கிலோ. காய்ந்த சிமென்டுத் தரையில் உராய்வுக் குணகத்தை 0.7 எனக் கொண்டால், உராய்வு முறையே 360, 300 கிலோ வரை எழும். தேவை 200 தான்; இரண்டும் போதும். மழை பெய்து, தரையில் சிறிது பாசியும் படிந்து, குணகம் 0.4 ஆகக் குறைந்துவிட்டதென்று கொள்வோம். முகம் மேலே என்றால் 206 கிலோ, மயிரிழையில் நிற்கும். முகம் கீழே என்றால் 172 கிலோ; பிரேக் பிடித்தபடியே வண்டி வழுக்கி இறங்கும்!

இப்போது கியரையும் போட்டு வைத்தால்? இன்றைய பெரும்பாலான சிறு கார்களில் என்ஜின் முன் சக்கரங்களைத்தான் சுழற்றுகிறது. ஆகவே கியர் முன் சக்கரங்களைப் பிடிக்கிறது. ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கிறது. நான்கும் பிடிபட்டால், அதே பாசித் தரையில் 470 கிலோ வரை உராய்வு கிடைக்கும். ஒன்றுக்கு இரண்டு பிடி என்பது பயந்தவர்களின் வழக்கம் அன்று என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது. பின் சக்கரங்களைச் சுழற்றும் ஜீப், லாரி போன்றவற்றில் இரு பிடிகளும் ஒரே சக்கரங்களின் மீதுதான் விழும். அவற்றுக்கு, பின்னால் சொல்லப்போகும் முட்டுக்கட்டை மிக அவசியம்.

கியர் எப்படிப் பிடிக்கிறது?

என்ஜின் ஓடாதபோதும் கியர் போட்டிருந்தால், சக்கரம் சுழல வேண்டுமானால் என்ஜினையும் சுழற்றியாக வேண்டும். சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றைப் பிஸ்டன் அழுத்துவதற்கு விசை தேவை. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள், புரியும். முதல் கியரில் சக்கரம் ஒரு முறை சுழல, என்ஜின் 12 முதல் 15 முறை சுழல வேண்டியிருக்கும். மேல் கியரில் அது மூன்று, நான்கு முறைதான். ஆகவே முதல் கியரும் ரிவர்ஸ் கியருமே வலுவான பிடிகள்.

எதைப் போடுவது? முகம் மேலே இருந்தால் முதல் கியர். முகம் கீழே இருந்தால் ரிவர்ஸ். மறதியாக யாராவது சாவியைத் திருகிவிட்டாலும், வண்டி மேட்டை நோக்கித்தான் எம்பும். பள்ளத்தை நோக்கி அன்று.

கியரை மட்டும் நம்பவும் கூடாது. அடைபட்ட காற்று பிஸ்டன் வளையங்களின் ஓரமாக மெல்லக் கசியும். செங்குத்தான சரிவில் வண்டி விட்டு விட்டுச் சிறிது சிறிதாக இறங்கலாம். மின்சாரக் கார்களில் அழுத்துவதற்குப் பிஸ்டனே இல்லை. அவற்றிலும் ஆட்டோமேட்டிக் கார்களிலும் 'பார்க்' நிலையில், ஒரு சிறு எஃகுக் கொண்டி பற்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து பூட்டுகிறது. முழுப் பாரத்தையும் அந்தச் சிறு கொண்டியின் மேல் சுமத்துவது நல்லதன்று. ஆகையால் எந்த வண்டியானாலும் வரிசை ஒன்றுதான்: கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுக்க வேண்டும்; நியூட்ரலில் வைத்து, கால் பிரேக்கை மெல்லத் தளர்த்தி, பாரம் ஹேண்ட் பிரேக்கில் இறங்கி வண்டி அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்; அதன் பிறகு கியரையோ 'பார்க்' நிலையையோ போட வேண்டும்.

சக்கரத்தைத் திருப்பி வைத்தல்

இரண்டு பிடிகளும் கைவிட்டால்? அப்போதும் வண்டி எங்கே போக வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானித்து வைக்கலாம். குன்றுகளின் மீது அமைந்த அமெரிக்க நகரம் சான் பிரான்சிஸ்கோ. அங்கே 100-க்கு 3-ஐ மிஞ்சிய சரிவுள்ள தெருவில் வண்டியை நிறுத்தினால், முன் சக்கரங்களைத் திருப்பி நடைபாதை விளிம்பில் முட்ட வைக்க வேண்டும் என்பது சட்டம்.

நம் நாட்டில் இடப்புறம் நிறுத்துகிறோம். இடப்புறம் நடைபாதை விளிம்பு இருந்தால், இறக்கத்தை நோக்கி நிற்கும் வண்டியின் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும். ஏற்றத்தை நோக்கி நிற்கும் வண்டியில் வலப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டிலும் வண்டி ஓரடி நகர்வதற்குள் முன் டயர் விளிம்பில் முட்டி நின்றுவிடும். விளிம்பு இல்லாத சாலையில், ஏற்றமானாலும் இறக்கமானாலும், இடப்பக்கமே திருப்பலாம். வண்டி சாலையின் குறுக்கே பாயாமல் ஓரத்துக்குப் போகும். ஆனால் இடப்புறம் கிடுகிடு பள்ளமாக இருந்தால் அங்கே வண்டியை நிறுத்தவே வேண்டாம். வீட்டுச் சரிவில், வாசலை நோக்கி ஓடாமல் பக்கச் சுவரில் உரசி நிற்கும்படி திருப்பி வைப்பது நலம்.

முட்டுக்கட்டை

ஒரு காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை நாம் விரும்புவதில்லை. மலைச் சாலையில் லாரி நின்றதும் கட்டையைத் தூக்கிக்கொண்டு குதிக்கும் கிளீனரோ, பலர் உயிரைக் காக்கிறவர்.

எவ்வளவு உயரமான கட்டை வேண்டும்? என் கார்ச் சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர். ஒரு சக்கரம் தாங்கும் எடை 300 கிலோ எனக் கொள்வோம். 3 சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லை அதன் கீழே வைத்தால், அதன் மேல் ஏறிக் கடக்க ஏறத்தாழ 145 கிலோ விசை போதும். சரிவு தரும் விசையோ 200. வண்டி கல்லின் மேல் ஏறிப் போய்விடும்! 8 சென்டிமீட்டர் உயரக் கட்டை என்றால் 270 கிலோவுக்கு மேல் வேண்டும், வண்டி நிற்கும். இரு சக்கரங்களுக்கும் வைத்தால் பிடி இரு மடங்கு. கட்டை டயரைத் தொட்டபடி இருக்க வேண்டும். இடைவெளி விட்டால், வண்டி அதற்குள் வேகம் பெற்று ஏறிவிடும். உருண்டைக் கல் தானே உருளும். தட்டையான அடிப்பக்கமுள்ள கட்டையே நல்லது.

புறப்படும்போது கட்டையையும் கல்லையும் எடுத்துவிட வேண்டும். சாலை நடுவே விட்டுப்போன கல், இரவில் வரும் இரு சக்கர வண்டிக்காரரை வீழ்த்திவிடும்.

இரு சக்கர வண்டிகளுக்கும் இந்தப் பாடம் உண்டு. பக்கவாட்டு ஸ்டாண்டு, வண்டி முன்னோக்கி நகர்ந்தால் மடங்கிவிடும் அமைப்புடையது. ஆகவே மோட்டார் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் முகம் மேட்டை நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். கியர் உள்ள வண்டியில் முதல் கியரையும் போடுங்கள். உங்கள் சைக்கிளுக்கும் இதுவே விதி.

செய்து பாருங்கள்

60 சென்டிமீட்டர் நீளமுள்ள பலகை ஒன்றின் ஒரு முனையை 10 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தோழர் வீட்டுச் சரிவு கிடைத்துவிட்டது. ரப்பர் டயர் உள்ள பொம்மைக் காரின் பின் சக்கரங்களை நூலால் கட்டிப் பூட்டுங்கள். முகம் மேலே இருக்கும்படி வைத்து, கார் வழுக்கும் வரை பலகையை மெல்ல உயர்த்தி, அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முகம் கீழே இருக்கும்படி வைத்து மறுபடியும் செய்யுங்கள். இம்முறை குறைந்த உயரத்திலேயே வழுக்கும். காரின் கூரையில் சில நாணயங்களை ஒட்டினால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். பலகையை நனைத்தும், நான்கு சக்கரங்களையும் பூட்டியும் பாருங்கள். நான் மேலே போட்ட கணக்குகள் எல்லாம் உங்கள் மேசைமீதே நடக்கும்.

நமது மோட்டார் வாகனச் சட்டம் (1988), பொது இடத்தில் நிற்கும் வண்டியைப் பற்றி 126-ஆம் பிரிவில் கூறுகிறது. உரிமம் பெற்ற ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். இல்லையேல் என்ஜினை நிறுத்தி, பிரேக்கைப் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ, வண்டி தற்செயலாக நகர முடியாதபடி உறுதி செய்ய வேண்டும். நம் வீட்டுச் சரிவுக்கும் இந்த விதியை நாமே விதித்துக்கொள்ளலாம்.

வண்டி ஓட்டும் வயது உங்களில் பலருக்கு இன்னும் வரவில்லை. ஆனால் சரிவில் நிற்கும் வண்டிக்குக் கீழ்ப்புறம் உட்காராமலும் விளையாடாமலும் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது, "கியர் போட்டாயிற்றா?" என்று கேட்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

தோழர் வீட்டுத் தூணை என் செலவில் கட்டிக் கொடுத்தேன். சரிவின் மேல் முனையில் இப்போது இரண்டு மரக்கட்டைகள் கயிற்றில் தொங்குகின்றன. அவற்றின் உயரம் 8 சென்டிமீட்டர். கணக்குப் போட்டு அறுத்தவன் அந்தப் பையன்தான்.